அரைச் சுற்று

அன்று அங்கே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி. என் வீட்டுக்காரர், அவர் ஃபிட்டர். வெல்டர் ஒருத்தர். லாரி டிரைவர். செயின் இழுக்க நாலு ஆள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்து நிழலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்த முதலாளி. சோற்றுத் தூக்கோடு வந்து நின்ற என் பொண்ணு. அப்புறம் நான்.

எண்பதுகள் ஆரம்பித்த சமயம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் போகிற வழியில் ஒரு காலி மனை. கார்த்திகை தீபத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. நாங்கள் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தோம்.

பெட்டி என்றால் ஒரு ரூம். எட்டடிக்குப் பன்னிரண்டடி. நாலு மூலைக்கும் நாலு இரும்புத் தூண், சுற்றித் தகரம், கீழே பலகை. பட்டறையிலேயே முழுசாகச் செய்து லாரியில் கொண்டுவந்துவிடுவார்கள். கீழே நாலு பெட்டியை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்து, அவற்றின் தலையில் இன்னும் நாலு பெட்டியைச் செயின் கப்பியால் தூக்கி வைப்போம். போல்ட்டு போட்டு முடுக்கினால் எட்டு ரூம், ஒரு மாடிக் கட்டடம். மேலே போகத் தனியாக ஒரு இரும்புப் படி. கார்த்திகைக்கு வரும் வெளியூர் ஜனம் பத்து நாள் தங்கும். முடிந்ததும் கழற்றி வேறு ஊர்த் திருவிழாவுக்கு ஏற்றிக்கொண்டு போவது. முதலாளி அப்படி நினைத்துத்தான் செய்தார்.

வெளி மூலைகளை யார் வேண்டுமானாலும் முடுக்கலாம். நடு மூலைதான் கஷ்டம். நாலு பெட்டியின் நாலு தூண்களும் அங்கே முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். மேல் பெட்டி உட்கார்ந்த பிறகு அந்த இடத்துக்கு ஸ்பானர் போகாது. அதனால் கீழ்த் தூண்களின் தலையில் டம்ளர் வாய் அகலத்துக்கு ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். அதில் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல், தடவித் தடவி நட்டு மாட்ட வேண்டும். பிடியை வெட்டிச் சின்னதாக்கிய ஸ்பானர் ஒன்று வைத்திருந்தோம். அதை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். ஆம்பளைக் கை அதில் போகாது. என் கை போகும்.

சித்தாள் கூலிக்கு ஃபிட்டர் வேலை. கேட்டால் மேஸ்திரி சொல்வார், "ஏம்மா, கைய நானா செஞ்சேன்? உங்க அம்மாவ போய்க் கேளு ஜாஸ்தி கூலி."

தூணுக்கு இரண்டு போல்ட்டு. மொத்தம் எட்டு. எட்டையும் நான்தான் முடுக்கினேன்.

"முடுக்கிட்டியா?" மேஸ்திரி மேலேயிருந்து கேட்டார்.

"முடுக்கிட்டேன்."

"அரைச்சுத்து உட்டியா?"

"உட்டேன்."

அது எங்கள் ஆட்களின் பழக்கம். முழுசாக முடுக்கிவிட்டு அரைச் சுற்று திருப்பி விடுவது. அதற்கு முந்தின வருஷம் தீபத்தின்போது நல்ல மழை. கழற்றப் போனால் ஒரு நட்டும் அசையவில்லை. துரு கடித்துவிட்டது. கேஸ் நெருப்பு வைத்து அத்தனையையும் அறுத்தோம். முதலாளி மேஸ்திரியை எல்லார் எதிரிலும் திட்டினார். அதிலிருந்து மேஸ்திரி அரைச் சுற்று விடச் சொன்னார். இறுக்கினதால்தானே கடித்தது, கொஞ்சம் விட்டால் கடிக்காது என்று அவர் நினைத்தார். நாங்களும் நினைத்தோம். பத்து நாள் நிற்கப் போகிற கட்டடம்தானே.

என் பொண்ணு கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம்தான் பத்தாவது பாஸ் செய்திருந்தாள்.

"இறுக்கிட்டு எதுக்கும்மா திருப்பி லூஸ் பண்ற?"

"கழட்டறப்ப வரணுமில்ல."

"நடுவுல உழுந்துட்டா?"

"உழாது. சோத்த வெச்சிட்டுப் போ."

தீபம் முடிந்தது. மழை பெய்தது. மேலே கீழே ஜனம் நிரம்பி வழிந்தது. ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் ஸ்பானர் எடுத்துக்கொண்டு கழற்றப் போனோம். முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். மனை அவருடையதுதான். வாடகைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறதாம். கீழே ஒரு உரக்கடை. மேலே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்.

அரைச் சுற்றைத் திருப்பி முடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அடுத்த வேலைக்குப் போளூர் போய்விட்டோம்.

தை மாதம் என் பொண்ணு அந்த இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தாள். அவள் அப்பாவுக்குத்தான் ஆசை. டைப்ரைட்டிங்கில் லோயர் பரீட்சை பாஸ் செய்துவிட்டால் தாலுகா ஆபீஸோ பேங்கோ ஏதாவது கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "நாம ரெண்டு பேரும் வெயில்ல காஞ்சது போதும். அவளாவது ஃபேனுக்குக் கீழ உக்காரட்டும்" என்றார். பரீட்சை ஆவணியில்.

அவள் நன்றாக அடித்தாள். நான் அஞ்சாவதோடு நின்றவள், எனக்கு அதெல்லாம் தெரியாது. அவளுடைய சார் சொன்னார். இருக்கிறவர்களிலேயே வேகம் ஜாஸ்தி, தப்பு கம்மி என்றார். ராத்திரி தூக்கத்தில்கூட அவள் விரல் பாய்மேல் ஆடும்.

பங்குனியில் ஒரு நாள் குடையை மறந்துவிட்டுப் போய்விட்டாள் என்று கொடுக்கப் போனேன். அப்போதுதான் முதல் தடவை மேலே ஏறினேன். நாலு பெட்டி தெரியவில்லை, ஒரே ஹாலாக இருந்தது. உள்பக்கத் தகரத்தையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். நடுவில் மட்டும் அந்த நாலு தூண். சுற்றிலும் இருபது மெஷின். எல்லாரும் சேர்ந்து அடித்தார்கள். வரி முடிந்ததும் எல்லாரும் மெஷின் உருளையை ஒரே பக்கம் தள்ளினார்கள். மறுபடி அடித்தார்கள். மறுபடி தள்ளினார்கள்.

என் உள்ளங்காலில் தெரிந்தது. பலகை ஆடுவது வேறு. இது தூண் ஆடுவது. சாரின் மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரில் அலை நிற்கவே இல்லை.

"இது எப்பவும் இப்படித்தான் ஆடுமா சார்?"

"ரயில்ல போற மாதிரி இருக்கும்மா. பழகிடுச்சு" என்றார். அருகில் இருந்த பொண்ணு ஒருத்தி, "டிக்கெட் வாங்காத ரயிலும்மா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் பொண்ணும் சிரித்தாள்.

நான் படி இறங்கும்போது எனக்கு அந்த அரைச் சுற்று ஞாபகம் வந்தது. தட்டத் தட்ட நட்டு என்ன ஆகும் என்று இரும்பு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அரைச் சுற்று ஒரு சுற்றாகும். ஒரு சுற்று இரண்டாகும். அப்புறம் கழன்று விழும். என் பொண்ணு அந்தத் தூணிலிருந்து மூன்றாவது மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"வெளி மூலையெல்லாம் நான் போட்டது. அது நிக்கும்."

"அதுலயும் அரைச்சுத்து உட்டீங்க இல்ல?"

சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னார், "வெளி மூலைய நான் பாத்துக்கறேன். நடுவுல உன் கைதான் போவும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். வெளி மூலைகளில் நட்டு திரும்பவில்லை. துரு பிடித்திருந்தது. சுத்தியால் தட்டினார். "கெட்டியாத்தான் கீது" என்றார். மழை படாத நடு மூலையில் அந்தத் துருவும் இருக்காது என்று நினைத்தோம். ஆனால் அங்கே போக முடியவில்லை. உரக்கடைக்காரர் கீழே சுற்றி ப்ளைவுட் அடித்து, அதற்கு முன்னால் கூரை வரைக்கும் மூட்டை அடுக்கியிருந்தார்.

"ஒரு ரெண்டு மணி நேரம் மூட்டைய எறக்கிக் குடுத்தா போதுங்க" என்றேன்.

"யாரு எறக்குறது? நீ எறக்குவியா? நூத்து சில்லற மூட்டம்மா."

"எறக்குறேங்க."

"ப்ளைவுட்டு?"

"பிரிச்சிட்டுத் திருப்பி அடிச்சிக் குடுத்துடறோம்."

"ப்ளைவுட்ட நீ பிரிச்சா மொதலாளி என்னை பிரிச்சிடுவாரு. அவர் ஒரு வார்த்த சொல்லட்டும், நானே எறக்கித் தரேன்."

முதலாளி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று சொன்னேன். அரைச் சுற்று விட்டதைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார், "தீபத்துக்கு எத்தன பேர் ஏறி நின்னாங்க. அப்ப உழாதது, இருவது பொண்ணுங்க டைப் அடிச்சா உழுந்துடுமா? நீ இஞ்சினியருக்குப் படிச்சிருக்கியா?"

"இல்லீங்க."

"லூசா உட்டதுன்னு வெளிய சொல்லாத. உன் புருசன் வேலைக்குத்தான் கேடு."

மேஸ்திரியை முதலாளியிடம் பேசச் சொல்லிக் கேட்டேன். அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "நான் போய் சொன்னா, ஏன்டா உட்டன்னு கேப்பாரு. நான் இன்னா சொல்றது?"

அதோடு கேட்பதற்கு ஆள் முடிந்தது.

வீட்டுக்காரர் சாய்வு பார்க்கிற தூக்கு நூல் கொண்டுபோய் மேல் மூலையிலிருந்து குண்டைத் தொங்கவிட்டார். கீழே தூணுக்கும் நூலுக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தார். இரண்டு விரல். சித்திரையில் பார்த்தார். இரண்டரை. ஆனியில் மூன்று. ஒவ்வொரு தடவையும் நூலைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். ஒரு தடவை மட்டும் கேட்டேன், "எத்தன விரலுக்கு உழும்?" அவருக்குத் தெரியவில்லை. யாருக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை.

தினமும் காலையில் அவள் தலை வாரி, ரிப்பன் கட்டி, நோட்டை எடுத்துக்கொண்டு போவாள். நான் வேலைக்குப் போய்விடுவேன். எங்கே வேலை செய்தாலும் மத்தியானம் மூன்று மணிக்கு, அவள் வகுப்பு முடிந்து படி இறங்கும் நேரத்தில், என் கை நின்றுவிடும். கலவைச் சட்டி தூக்கினாலும் நிற்கும். மேஸ்திரி ஒரு தடவை, "இன்னா, மூணு மணி சங்கு ஊதிடுச்சா?" என்று கிண்டல் செய்தார். அதற்கப்புறம் அவரும் செய்யவில்லை.

ஆடி மாதம் காற்று எங்கள் பக்கம் மலையைச் சுற்றி வரும். எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் மத்தியானம் நான் செங்கம் ரோட்டிலேயே ஒரு வீட்டு வேலையில் இருந்தேன். காற்று எழுந்தது. மண்ணை வாரிப் போட்டது. தலையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

நான் போய் நிற்கவும் அந்தச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தரம். டக் என்று. பெரிய சத்தம் இல்லை. கதவுக்குத் தாழ் போடுகிற சத்தம். கட்டடம் முழுக்க ஒரு பக்கம் போனது என் கண்ணுக்கே தெரிந்தது. மேலே டைப் சத்தம் நின்றது. பொண்ணுகள் படியில் ஒருத்தர் மேல் ஒருத்தர் இறங்கினார்கள். என் பொண்ணு கடைசியில் இறங்கினாள். கையில் அடித்து முடித்த காகிதம் இருந்தது. அதை மடிக்காமல் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

காற்று நின்றது. கட்டடம் நின்றது. கால் மணி நேரம் கழித்து சார், "வாங்க வாங்க, ஒண்ணும் இல்ல" என்று கூப்பிட்டார். எல்லாரும் மேலே போனார்கள்.

ராத்திரி நான் சொன்னேன், "நாளையிலருந்து போகாத."

"பரீட்சை வருதும்மா."

"வேற எடத்துல போய் அடி."

"பரீட்சை நேரத்துல எங்கயும் மெஷின் காலி இல்ல. கேட்டுட்டேன். நீ சொல்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டேன்."

"அப்ப அடுத்த தடவ எழுது."

"எல்லாரும் போறாங்க. அவங்க அம்மாங்கள்லாம் ஒண்ணும் சொல்லல."

"அவங்க நட்டு மாட்டல."

அவள் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள், "நீ மாட்டினது தானம்மா? உனக்கே அதுமேல நம்பிக்க இல்லயா?"

"இல்ல" என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பினதும் அவள் போய்விட்டாள். பாதி வழியில் எனக்குத் தோன்றித் திரும்பி வந்து பார்த்தேன், நோட்டு இல்லை. நேராக இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன். படி ஏறினேன். அவள் மெஷினில் காகிதம் சொருகிக்கொண்டிருந்தாள். எல்லார் முன்னாலும் கையைப் பிடித்து எழுப்பினேன். அவள் இழுக்கவில்லை. திமிறவும் இல்லை. எழுந்து வந்துவிட்டாள். சார் கதவு வரைக்கும் வந்தார்.

"ஏம்மா இப்படிப் பண்றீங்க. பாஸாவற பொண்ணு. நான் மட்டும் வேற எடம் பாக்கலன்னா நெனக்கிறீங்க? இவ்ளோ கம்மி வாடகைக்கு எங்கயும் இல்லம்மா. போனா ஃபீஸ் ஏத்தணும். ஏத்துனா பாதிப் பேர் நின்னுடுவாங்க."

"மத்தவங்களையும் அனுப்பிடுங்க சார்."

"அனுப்பிட்டு?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன்.

அவள் வீட்டில் உட்கார்ந்து ஒரு பலகையில் சாக்பீஸால் எழுத்துக்களை வரிசையாகக் கட்டம் போட்டு எழுதினாள். அதன்மேல் விரலால் அடித்தாள். சத்தம் வராது. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். மூன்று நான்கு நாள் அடித்தாள். அப்புறம் அந்தப் பலகை அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

பரீட்சைக்குப் போனாள். பழக்கம் விட்டுப்போன கை. வேகம் வரவில்லை என்று வந்து சொன்னாள். ஃபெயில். திரும்ப எழுது என்றேன். மற்ற இடத்தில் ஃபீஸ் ஜாஸ்தி, எங்கே போய் அடிப்பது என்றாள். அவளோடு உட்கார்ந்தவர்களில் ஒருத்தி வேலூரில் பேங்கில் சேர்ந்தாள். ரயில் டிக்கெட் என்று சிரித்தாளே, அவள் தாலுகா ஆபீஸில். அவர்கள் எல்லாரும் பரீட்சைக்கு முந்தின நாள் வரைக்கும் அந்தக் கட்டடத்தில்தான் அடித்தார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் தினமும் அந்த வழியாகப் போகும்போது பார்ப்பேன். சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன். அது விழ வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். உள்ளே ஆள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது விழவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளைக் கீழ்பென்னாத்தூர் பக்கம் கட்டிக் கொடுத்தோம். வேர்க்கடலைக் கொல்லை, கொஞ்சம் நெல். நல்ல மாப்பிள்ளைதான். அவள் வெயிலில்தான் வேலை செய்கிறாள். அவள் அப்பா கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் போய்விட்டார். நெஞ்சு வலி. கட்டடத்தைப் பற்றி அவர் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. நூலையும் எடுக்கவில்லை.

எண்பதுகள் முடியப் போகிற சமயம் மேஸ்திரி வீடு தேடி வந்தார். பல் போயிருந்தது.

"அத எறக்கப் போறோம். மொதலாளி அங்க லாட்ஜு கட்றாரு. கைய எடுத்துக்கினு வா."

"கை இப்ப போவுமா தெரியல."

"போவலன்னா வெண்ண தடவலாம்."

போனேன். உரக்கடை காலி. மூட்டை இல்லை. ப்ளைவுட்டைப் பிரித்தார்கள். அந்த ஓட்டை அப்படியே இருந்தது. கை போனது.

விரலால் தடவினேன். முதல் நட்டு இருந்தது. இரண்டாவது இருந்தது. தூண் தூணாகக் கையை விட்டேன். எட்டும் இருந்தன. ஸ்பானரை மாட்டித் திருப்பினேன். ஒன்றும் அசையவில்லை. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. துரு மொத்தமாகக் கடித்துப் பிடித்திருந்தது. மேல் பெட்டிகள் சேரும் இடத்தில் மழைத் தண்ணீர் நடு மூலைக்குத்தான் இறங்கியிருக்கிறது. முதல் கார்த்திகையிலேயே இறங்கியிருக்கும். அரைச் சுற்று விட்ட இடத்தில் தண்ணீர் நின்று கடித்துவிட்டது. அதற்கு மேல் கால் சுற்றுகூடக் கழன்றிருக்கவில்லை.

கேஸ் வைத்து அறுத்தார்கள். மேல் பெட்டியைத் தூக்கினதும் மேஸ்திரி குனிந்து பார்த்தார். தூண் தலையில் இருக்கிற பிளேட்டில் போல்ட்டு போகிற ஓட்டை போல்ட்டை விடப் பெரிசு. சுலபமாக இறங்கட்டும் என்று பெரிசாகத்தான் போடுவோம். எல்லா போல்ட்டும் ஒரே பக்கமாக ஓட்டையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்ற தடம் இருந்தது.

"இவ்ளோதான் போவும்" என்றார். விரலை வைத்துக் காட்டினார். "ஓட்ட எவ்ளோ பெருசோ அவ்ளோ நகரும். ஓரத்துல முட்டினப்புறம் எங்க போவும்? நின்னுடும். நட்டு புடிச்சிக்கினு இருக்கு, போல்ட்டு முட்டிக்கினு இருக்கு. இன்னும் இருவது வருசம் நின்னிருக்கும்."

"காத்தடிச்ச அன்னிக்கு டக்குன்னு சத்தம் கேட்டுச்சி."

"முட்டினதுதான் அது."

"அன்னிக்கு உங்கள கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "இல்லம்மா. இப்ப பாத்துத்தான் சொல்றேன். அன்னிக்குக் கேட்டிருந்தா நானும் உழும்னுதான் சொல்லியிருப்பேன்."

பொழுது சாய்வதற்குள் எட்டுப் பெட்டியும் லாரியில் ஏறிவிட்டன. மனையில் தூண் நின்ற இடங்கள் மட்டும் குழி குழியாக இருந்தன. கூலி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்தேன்.

தீபத்துக்கு என் பொண்ணு குழந்தைகளோடு வந்தாள். அந்த மனையைத் தாண்டித்தான் வந்திருக்கிறாள். "எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். எடுத்துவிட்டார்கள் என்றேன். "யாரு கழட்டினது?" என்றாள். ஆட்கள் என்றேன். நட்டு இருந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு ஒன்றும் திரும்பி வரப் போவதில்லை. எனக்கும்தான்.

அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவளைக் கையைப் பிடித்து எழுப்பின அன்றிலிருந்து பரீட்சை வரைக்கும் அவள் அடிக்காத நாள்களை. எண்ணினது போதாமல் விரல் விட்டும் எண்ணினேன். பத்தொன்பது நாள்.